பாவம் அந்த பெயிண்ட் டப்பா!

மூன்று மாதம் உட்கார்ந்து ஒருவர் ஒரு பித்தளை ரயில் பெட்டியைக் கட்டி முடிக்கிறார். நிஜப் பெட்டி இல்லை, மாடல். இங்கிலாந்தின் பழைய கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே பெட்டி, ஒரு சாண் நீளத்துக்குக் கொஞ்சம் கூட. மேலே கிரீம், கீழே சாக்லேட் என்று இரண்டு நிறம். முதலில் முழுக்க கிரீம் அடித்தாயிற்று. காய்ந்தாயிற்று. மேல்பாதியை மாஸ்கிங் டேப் ஒட்டி மூடி, கீழ்பாதிக்கு சாக்லேட் அடித்தாயிற்று. மறுநாள் காலை டீ கிளாஸைப் பக்கத்தில் வைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு டேப்பை மெதுவாக உரிக்கிறார்.

டேப்போடு கிரீமும் வருகிறது. ஓரமாகக் கொஞ்சம் வந்தால் பரவாயில்லை. ஜன்னல் வரிசை முழுக்க, அப்பளம் மாதிரி ஒரே தகடாகக் கழன்று வருகிறது. உள்ளே பித்தளை பளபளவென்று சிரிக்கிறது.

அடுத்த நிமிடம் அந்த மனிதர் என்ன செய்வார்? பெயிண்ட் கம்பெனியைத் திட்டுவார். "முன்னே மாதிரி பெயிண்ட் இல்லப்பா, எல்லாம் கலப்படம்" என்பார். நண்பர்கள் ஆளுக்கொரு பிராண்டு சிபாரிசு செய்வார்கள். அவரும் புது டப்பா வாங்குவார். மூன்று மாதம் கழித்து அதுவும் உரியும்.

பெரும்பாலான நேரங்களில் பெயிண்ட் நிரபராதி. குற்றம் நடந்தது பெயிண்ட் டப்பா திறப்பதற்கு ஒரு வாரம் முன்னால். குற்றவாளியின் கைரேகை அந்தப் பித்தளை மேலேயே பதிந்திருக்கிறது, உண்மையாகவே!

இந்தப் பொழுதுபோக்கு பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். மாடல் ரயில் என்றால் கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் ரயில் மட்டும் இல்லை. பிரிட்டனில் பெரிய கூட்டம் ஒன்று உலோகத்தில் ரயில் கட்டுகிறது. ஒரு அடிக்கு 4 மில்லிமீட்டர் என்று ஒரு அளவு, 7 மில்லிமீட்டர் என்று இன்னொரு அளவு. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத மெல்லிய பித்தளைத் தகட்டை ரசாயனத்தால் அரித்து, கதவு, ஜன்னல், ரிவெட் எல்லாம் அதிலேயே வரும்படி செய்து விற்பார்கள். வாங்கியவர் அதை வெட்டி, மடித்து, ஈயம் வைத்துப் பற்றவைத்து வண்டியாக்க வேண்டும். புகைபோக்கி, சக்கரப்பெட்டி மூடி மாதிரி சின்னச் சின்ன உருப்படிகள் வொயிட் மெட்டல் என்ற வார்ப்பில் வரும். அதில் தகரம், ஈயம், ஆன்டிமனி எல்லாம் கலந்திருக்கும். இது ஒரு வகை. இன்னொரு வகை, ஜப்பானிலும் பிறகு கொரியாவிலும் கையால் செய்து அமெரிக்காவுக்கு ஏற்றுமதியான பித்தளை எஞ்சின்கள். மூன்றாவது, துத்தநாகக் கலவையில் அச்சு வார்த்த பழைய பொம்மை ரயில்கள். மூன்றுக்கும் பெயிண்ட் அடிக்க வேண்டும். மூன்றிலும் பெயிண்ட் உரிகிறது. காரணம் மட்டும் ஒவ்வொன்றுக்கும் வேறு.

பித்தளையில் தொடங்கலாம். பற்றவைக்க ஃப்ளக்ஸ் வேண்டும். பரப்பில் இருக்கும் ஆக்சைடைத் தின்று, ஈயம் ஓட வழிவிடுவது அதன் வேலை. பாஸ்பாரிக் அமிலம் கலந்தது உண்டு, துத்தநாகக் குளோரைடு உண்டு, குங்கிலியம் மாதிரி பிசின் உண்டு. வேலை முடிந்ததும் அது தானாக மாயமாகிவிடும் என்று நினைப்பவர்கள் எத்தனை பேர்! அது எங்கேயும் போவதில்லை. இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிய இடுக்கிலும், பாய்லரைச் சுற்றிய பட்டைக்கு அடியிலும், கைப்பிடிக் கம்பி நுழைந்த ஓட்டையிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். துத்தநாகக் குளோரைடு காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் ஜாதி. மேலே பெயிண்ட் அடித்து மூடினாலும் ஈரம் உள்ளே புகுந்துகொண்டே இருக்கும். ஒரு மழைக்காலம் போதும், பெயிண்டுக்கு அடியில் கொப்புளம் வந்துவிடும். அமில மிச்சம் என்றால் செம்பைத் தின்று பச்சையாகக் களிம்பு ஏறும். செம்பில் களிம்பு என்பது சைவ சித்தாந்தம் படித்தவர்களுக்குப் பழக்கமான உவமைதான். ஆணவ மலம் மேலே பூசியது இல்லை, உடன் இருப்பது என்று சொல்ல அதைத்தான் எடுத்துக்கொள்வார்கள். மாடல் கட்டுபவரின் களிம்புக்கு அந்தத் தத்துவச் சலுகை கிடையாது. அது உடன் பிறந்தது இல்லை, கழுவாமல் விட்டது :-)

கழுவுவது என்றால் குழாயில் ஒரு காட்டு காட்டுவது இல்லை. அமில ஃப்ளக்ஸ் என்றால் வெந்நீர், சமையல் சோடா கலந்த நீரில் ஊறல், பழைய பல் பிரஷ், மறுபடி வெந்நீர். பிசின் ஃப்ளக்ஸ் தண்ணீரில் கரையாது. அதற்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வேண்டும். பற்றவைத்த அன்றைக்கு அன்றே கழுவிவிட்டால் பாதி வேலை மிச்சம். மூன்று மாதம் சேர்த்துவைத்துக் கடைசியில் ஒரே நாளில் கழுவுவதுதான் உலக வழக்கம். (செமஸ்டர் பாடத்தை எல்லாரும் படிக்கிற முறையும் இதுதானே!)

அடுத்தது கைவிரல். அப்போதுதான் தேய்த்து எடுத்த பித்தளையை வெறும் கையால் தூக்கி வெளிச்சத்தில் அழகு பார்ப்பார்கள். விரலில் எண்ணெய் இருக்கிறது, உப்பு இருக்கிறது, லேசான அமிலமும் இருக்கிறது. இரண்டு வாரம் கழித்து அந்த ரேகை பழுப்பாக பித்தளையில் பதிந்திருப்பதைப் பார்க்கலாம். கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம் அதைவிட மோசம்.

ஏன் மோசம்? திரவம் ஒன்று திடப்பொருள் மேல் பரவ வேண்டுமென்றால், அந்தத் திடப்பொருளின் பரப்பு ஆற்றல் திரவத்தின் பரப்பு இழுவிசையைவிட அதிகமாக இருக்க வேண்டும். சுத்தமான உலோகத்தின் பரப்பு ஆற்றல் மீட்டருக்குப் பல நூறு மில்லிநியூட்டன். தண்ணீருக்கு சுமார் 73. எண்ணெய்க்கு 30 பக்கம். அதாவது சுத்த உலோகம் யார் வந்தாலும் கட்டிப்பிடித்துக்கொள்ளும் ஆள். அதன் மேல் துளி எண்ணெய் பட்டால் முதலில் கட்டிப்பிடிப்பது எண்ணெயைத்தான். பிறகு வரும் பெயிண்ட் உலோகத்தைத் தொடுவதே இல்லை, எண்ணெயின் தோளில்தான் கைபோட்டு நிற்கிறது. டேப் இழுத்ததும் இரண்டு பேரும் பிரிகிறார்கள். இதில் பெயிண்ட் கம்பெனி முதலாளி என்ன தப்பு செய்தார்?

இதைக் கண்டுபிடிக்க லேபரட்டரி எதுவும் வேண்டாம். கழுவிய மாடல் மேல் சுத்தமான தண்ணீரை ஊற்றிப் பார்த்தால் போதும். தண்ணீர் ஒரே படலமாக வழிந்தால் சுத்தம். தாமரை இலைத் தண்ணீர் மாதிரி முத்து முத்தாக உருண்டால் இன்னும் பிசுக்கு இருக்கிறது. தொழிற்சாலைகளில் இது அங்கீகரிக்கப்பட்ட சோதனை, ஏஎஸ்டிஎம் எஃப்22 என்று எண்ணே உண்டு. ஒரு எச்சரிக்கை: சோப்பு மிச்சம் இருந்தாலும் தண்ணீர் படலமாகத்தான் வழியும். அதனால் நன்றாக அலசிய பிறகு பார்க்க வேண்டும். அந்தச் சோப்பும் கைக்கு இதமான, வாசனை போட்ட வகையாக இருந்தால், அந்த இதம் மாடல் மேலும் ஒரு படலமாகத் தங்கலாம். எந்த மணமும் இல்லாத மலிவான சோப்பு இந்த வேலைக்கு உத்தமம்.

தமிழ்நாட்டு வீடுகளில் இது ஒன்றும் புது ஞானம் இல்லை. பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கும் பாட்டிக்கு டார்டாரிக் அமிலம் என்ற பெயர் தெரியாது, ஆனால் ஆக்சைடை எது தின்னும் என்று தெரியும். தெருவில் பாத்திரத்துக்கு ஈயம் பூச வந்தவர் பாத்திரத்தைத் துடைத்தவுடன் ஈயத்தை உருக்கியதில்லை. முதலில் தேய்ப்பு, பிறகு சூடு, பிறகு நவச்சாரம், கடைசியில்தான் ஈயம். ஈயம் பூசிய நேரம் ஒரு நிமிடம் என்றால் தேய்த்த நேரம் அதைப்போல் பல மடங்கு. சுவரை வைத்துத்தான் சித்திரம் என்று பழமொழி சொன்ன ஊருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

"அதுக்குத்தான் எட்ச் ப்ரைமர் இருக்கே!" என்று ஒரு குரல் கேட்கும். மாடல் உலகத்தின் சர்வரோக நிவாரணி இது. டப்பாவை வாங்கி அடித்தால் உலோகத்தைக் கடித்துப் பிடித்துக்கொள்ளும், கழுவல் தேய்த்தல் எதுவும் வேண்டாம் என்று ஒரு நம்பிக்கை. எட்ச் ப்ரைமர் நல்ல சரக்குதான், அதில் சந்தேகம் இல்லை. இரண்டாம் உலகப்போர் காலத்தில் போர்க்கப்பல்களுக்காக வந்த தொழில்நுட்பம் அது. பாலிவினைல் பியூட்டிரால் என்ற பிசினும் பாஸ்பாரிக் அமிலமும் சேர்ந்தது. அமிலம் உலோகத்தோடு வினைபுரிந்து பாஸ்பேட் படலம் உண்டாக்கும், பிசின் அதைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் வினை நடக்க அமிலம் உலோகத்தைத் தொட வேண்டுமே? எண்ணெய் மேல் விழுந்த அமிலம் எதைக் கடிக்கும்? பழைய பெயிண்ட் மேலும் தெளி லாக்கர் மேலும் அடித்தால் அதற்கு வேலையே இல்லை. அதைவிடத் தமாஷ், கட்டியாக அடித்தால்தான் நன்றாகப் பிடிக்கும் என்று இரண்டு மூன்று கோட் அடிப்பவர்கள். அந்தப் படலம் 10 மைக்ரான் அளவுக்கு, அடியில் இருக்கும் உலோகம் மங்கலாகத் தெரியும் அளவுக்கு மெல்லியதாக இருக்க வேண்டியது. தடித்தால் அது தனக்குள்ளேயே பிளந்துகொள்ளும். இரண்டு புட்டிகளாக வரும் வகையில் அமிலத்தைக் கலந்த பிறகு சில மணி நேரத்துக்குத்தான் ஆயுள். நேற்று கலந்ததை இன்றைக்கு அடித்தால் வெறும் பிசின்தான் அடிக்கப்படுகிறது.

இன்னொன்று. பழைய எட்ச் ப்ரைமர்களின் மஞ்சள் நிறத்துக்குக் காரணம் துத்தநாகக் குரோமேட். அறுமதிப்புக் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும் என்பது நிரூபணமான விஷயம். மாடல் சங்கத் தாத்தா பரணிலிருந்து எடுத்துத் தரும் பழைய டப்பாவை, ஜன்னல் மூடிய அறையில், முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிக்கிறார்கள். இரண்டு மணி நேரம் கழுவச் சோம்பல். அதற்குப் பதிலாக நுரையீரலைக் கொடுப்பது எந்தக் கணக்கு?

துத்தநாக வார்ப்பு ரயில்களின் கதை இன்னும் சுவாரஸ்யம். லிவர்பூலில் இருந்த மெக்கானோ கம்பெனி 1938-ல் ஹார்ன்பி டப்ளோ என்ற வரிசையைக் கொண்டுவந்தது. எஞ்சின் உடம்பு மஸாக் எனப்படும் துத்தநாக, அலுமினியக் கலவை வார்ப்பு. இன்றைக்கும் அதைத் தேடி வாங்கி, பழைய பெயிண்டைச் சுரண்டி, புதிதாக எனாமல் அடிப்பவர்கள் நிறைய. அடித்து இரண்டு வருடத்தில் வெங்காயத் தோல் மாதிரி உரிந்தால் மறுபடி பிராண்டு மாற்றுகிறார்கள். இதே காட்சியை எந்தத் தெருவிலும் பார்க்கலாம். துத்தநாகம் பூசிய ஜிஐ பைப் கேட்டில் நேரடியாக எனாமல் அடித்த வீட்டைப் பாருங்கள், ஒன்றிரண்டு வருடத்தில் பட்டை பட்டையாகத் தொங்கும். எண்ணெய் சார்ந்த எனாமலில் கொழுப்பு அமிலங்கள் இருக்கின்றன. துத்தநாகத்தின் மேல் உருவாகும் காரத்தன்மை உள்ள பொருள்கள் அவற்றோடு வினைபுரிந்து சோப்பாகிவிடும். ஆமாம், பெயிண்டுக்கும் உலோகத்துக்கும் நடுவில் நிஜமாகவே சோப்பு! வழுக்காமல் என்ன செய்யும்? நடுவில் அதற்குரிய ப்ரைமர் ஒன்று வேண்டும். இதை ஊர் பெயிண்டரே "ஜிஐக்குத் தனி ப்ரைமர் சார்" என்று சொல்லுவார். 1938 மாடல் எஞ்சினைப் பெரிய விலை கொடுத்து வாங்கியவருக்கு யாரும் சொல்வதில்லை.

இந்த இடத்தில் எதிர்க்கட்சிக்கு ஒரு மார்க் கொடுத்தாக வேண்டும். பழைய வார்ப்பில் ஈயம் போன்ற கசடு கலந்திருந்தால் உலோகம் உள்ளிருந்தே வெடித்து, வீங்கி, பொடிந்துபோகும். போருக்கு முந்தைய டப்ளோவில் இது உண்டு. அதை எந்தத் தேய்ப்பும் எந்தப் பூச்சும் காப்பாற்றாது. அளவுக்கு மீறிய தயாரிப்பும் கெடுதல்தான். அலுமினிய ஆக்சைடு பொடியைக் காற்றழுத்தத்தில் வீசி உலோகத்தைச் சொரசொரப்பாக்குவது பித்தளைக்கு மிக நல்ல முறை. ஆனால் அழுத்தத்தை ஏற்றிவிட்டால் மெல்லிய தகடு நெளியும், மென்மையான வொயிட் மெட்டலில் நுணுக்கம் மழுங்கும். அலுமினிய ஆக்சைடு தீர்ந்துபோய்ச் சமையல் சோடாவை வீசுபவர்கள் அதன் காரப் பொடியை அலசாமல் விட்டால் புதுப் பிரச்சினையை விலைக்கு வாங்குகிறார்கள். பெயிண்டை ஓவனில் வைத்து 80, 90 டிகிரியில் சுடுவது அமெரிக்கப் பித்தளைக்காரர்களின் பழக்கம், இறுகிப் பிடிக்கும். வழக்கமான ஈயம் 180 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்பதால் பயமில்லை. அதே யோசனையைக் கேட்டு, 70 டிகிரியில் உருகும் ஈயம் வைத்துக் கட்டிய வொயிட் மெட்டல் எஞ்சினை உள்ளே வைத்தால் கதவைத் திறக்கும்போது புகைபோக்கி தனியே கிடக்கும். ஆக, எல்லாருக்கும் ஒரே மருந்து என்று யாரும் சொல்லவில்லை. எந்த உலோகம், எந்த ஃப்ளக்ஸ், மேலே ஏற்கெனவே என்ன பூசியிருக்கிறது என்ற மூன்று கேள்வியைக் கேட்டுவிட்டு டப்பாவைத் திறக்கச் சொன்னால் அது அதிகப்படியா?

"நாங்க முப்பது வருஷமா ஒண்ணும் கழுவாமத்தான் அடிக்கிறோம், நல்லாத்தான் இருக்கு" என்பது அடுத்த வாதம். இருக்கும். கண்ணாடி அலமாரிக்குள் யாரும் தொடாமல் இருக்கிற மாடலில் பவுடர் பூசியிருந்தாலும் இருக்கும். தண்டவாளத்தில் ஓடி, கையால் தூக்கி, பெட்டியில் வைத்து, கண்காட்சிக்குக் காரில் போய் வருகிற எஞ்சினின் படியோரத்தையும் கைப்பிடியையும் காட்டச் சொல்லுங்கள். பெயிண்ட் கூர்மையான ஓரங்களிலிருந்து இயல்பாகவே விலகி மெலியும். உரிதல் தொடங்குவது அங்கேதான்.

வேடிக்கை என்னவென்றால் இந்தக் கூட்டத்தில் ரிவெட் எண்ணுபவர்கள் என்றே ஒரு பிரிவு உண்டு. பட்டப்பெயர்தான், ஆனால் பொருத்தமான பெயர். 1912-ல் அந்தப் பெட்டியின் கதவுக் கீல் எத்தனை அங்குலம் என்று வரைபடம் பார்த்துச் சண்டை போடுவார்கள். பச்சை நிறத்தில் நீலம் ஒரு பங்கு கூடிவிட்டது என்று ஒருவாரம் பேசமாட்டார்கள். நிஜப் பெட்டிகளை அந்தக் காலத்து ரயில்வே பட்டறைகளில் எப்படி பெயிண்ட் அடித்தார்கள் என்பது மட்டும் அவர்கள் கவனத்தில் ஏறவில்லை. பத்துக்கும் மேற்பட்ட பூச்சுகள், வாரக்கணக்கான வேலை. அதில் ஜனங்கள் கண்ணில் பட்ட நிறம் கடைசி சில பூச்சுகள்தான். மீதி எல்லாம் அடிப்பூச்சு, நிரப்பு, பியூமிஸ் கல்லால் தண்ணீர் விட்டுத் தேய்ப்பு, மறுபடி நிரப்பு, மறுபடி தேய்ப்பு. ரிவெட்டை நிஜம் போல வைக்க ஆசைப்படுபவர் தேய்ப்பை மட்டும் ஏன் பொம்மை மாதிரி செய்கிறார்?

இதற்குப் பத்திரிகைகளும் உடந்தை. பொழுதுபோக்கு இதழ்களில் ஒரு எஞ்சின் கட்டுகிற தொடர் வந்தால், ஏர்பிரஷ் பிடிக்கும் விதம், நிறக் கலவை, மெல்லிய கோடு இழுக்கும் பேனா, துரு மாதிரி அழுக்குப் பூசும் கலை எல்லாம் பக்கம் பக்கமாக, வண்ணப் படத்தோடு வரும். தயாரிப்புக்கு ஒரே வரி: "நன்றாகச் சுத்தம் செய்து ப்ரைமர் அடித்தபின்..." அவ்வளவுதான். அந்த "நன்றாக" என்ற வார்த்தைக்குள் மூன்று நாள் வேலை ஒளிந்திருக்கிறது. காரணம் லேசில் புரியும். பாத்திரம் கழுவுகிற போட்டோவை யார் பார்ப்பார்கள்? அதற்கு விளம்பரம் தர எந்தக் கம்பெனி வரும்? பல் பிரஷும் வெந்நீரும் விற்று யாரும் பணக்காரர் ஆக முடியாது. டப்பா விற்கலாம்.

இதன் பொருளாதார விளைவு அந்த ஜப்பானியப் பித்தளை எஞ்சின்களில் அப்பட்டமாகத் தெரிகிறது. 1950-களிலிருந்து அமெரிக்க இறக்குமதியாளர்கள் அவற்றைப் பெரும்பாலும் பெயிண்ட் அடிக்காமல்தான் விற்றார்கள். கறுக்காமல் இருக்கத் தெளி லாக்கர் மட்டும் பூசியிருக்கும். வாங்கியவர் அதைக் கரைத்து எடுத்துவிட்டுப் பெயிண்ட் அடிக்க வேண்டியது. கரைக்காமல் அதன் மேலேயே அடித்தவர்கள் கதையும் உண்டு, விடுங்கள். ஆனால் சேகரிப்பாளர் பலர் அடிப்பதே இல்லை. "பெயிண்ட் அடித்தால் விலை போகாது" என்பது அங்கே பழகிப்போன பயம். கறுப்பாக, புகையும் எண்ணெயுமாக உழைத்த நீராவி எஞ்சின், மாடலாகும்போது மட்டும் தங்கக் கோயில் கோபுரம் மாதிரி மஞ்சளாக மின்னிக்கொண்டு பெட்டிக்குள் கிடக்கிறது.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இந்தப் பயம் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும். ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-ல் பழைய கார் சந்தையை வைத்து எழுதிய கட்டுரை, 2001-ல் அவருக்கு நோபல் வாங்கித் தந்த சிந்தனை, அதேதான். விற்பவருக்குச் சரக்கின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் எல்லா வண்டியும் ஓட்டை என்று வைத்துக்கொண்டு விலை பேசுவார். நல்ல வண்டி வைத்திருப்பவருக்கு அந்த விலை கட்டுபடியாகாது, சந்தையை விட்டுப் போய்விடுவார். கடைசியில் சந்தையில் ஓட்டைதான் மிஞ்சும். பெயிண்ட் அடித்த பித்தளை எஞ்சினும் அப்படித்தான். மேலே பார்த்தால் கழுவி அடித்ததும் கழுவாமல் அடித்ததும் ஒரே பளபளப்பு. வித்தியாசம் மூன்று வருடம் கழித்துத்தான் தெரியும். கழுவியவருக்குக் கூலி இல்லை, கழுவாதவருக்குத் தண்டனை இல்லை. அப்புறம் எவன் கழுவுவான்? பெயிண்டைக் குறை சொல்லும் பழக்கம் இந்த இடத்தில்தான் நிஜமான தீங்கு செய்கிறது. உரிந்ததும் பிராண்டு மேல் பழி போட்டுவிடுவதால், அடித்தவர் பெயர் கெடுவதே இல்லை. பிடிக்குமா பிடிக்காதா என்ற தகவல் சந்தைக்குள் வருவதே இல்லை.

கணக்குப் பாடத்தில் தேய்மானம் என்றால் சொத்தின் மதிப்பு குறைவது. இங்கே தலைகீழ். தேய்க்காமல் விட்டால்தான் தேய்மானம்.

கூலிக்கு பெயிண்ட் அடித்துக் கொடுப்பவர்கள் இதை மாற்ற முடியும். எஞ்சின் பெட்டிக்குள் ஒரு அட்டை வைத்தால் போதும். என்ன லாக்கரை எதனால் எடுத்தது, எதில் கழுவியது, எந்த ப்ரைமர், அடித்த தேதி. மருந்துச் சீட்டு மாதிரி. அடுத்து வாங்குபவருக்கு ஒரு பிடிமானம். இதைச் செய்ய மறுக்கிற ஆள் எதை மறைக்கிறார் என்று கேட்கும் உரிமை காசு கொடுத்தவருக்கு உண்டு.

உரிந்தபின் சரிசெய்வது எவ்வளவு கொடுமை என்று யோசித்தால் இந்த இரண்டு மணி நேரக் கழுவலின் மதிப்பு தெரியும். உரிந்த இடத்தில் மட்டும் ஒட்டுப்போடுவது வீண், பக்கத்து இடமும் அதே பிசுக்கின் மேல்தான் நிற்கிறது. முழுக்க எடுக்க வேண்டும். அதற்குப் பல ஆண்டுகள் பயன்பட்டது மெத்திலீன் குளோரைடு கலந்த பெயிண்ட் ரிமூவர். மூடிய அறைகளில் அதன் ஆவியைச் சுவாசித்தவர்கள் செத்திருக்கிறார்கள். 2019-ல் அமெரிக்கா பொதுமக்களுக்கு அதை விற்பதைத் தடைசெய்தது. ஒரு பொம்மை ரயிலுக்காக அந்த டப்பாவைத் தேடிப் போகும் நிலைக்கு ஏன் வர வேண்டும்? அதைப் பூசி, ஊறவைத்து, சுரண்டும்போது கைப்பிடிக் கம்பி உடையும். ஒட்டி வைத்த உருப்படிகள் கழன்று விழும். மூன்று மாத வேலை ஒரு ஜாடிக்குள் மிதக்கும்.

அந்த கிரேட் வெஸ்டர்ன் பெட்டிக்காரருக்கு இதைத் தவிர்க்க ஒரு வழி கையிலேயே இருந்தது. அரித்த தகட்டிலிருந்து கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் வெட்டி எடுத்த பிறகு ஓரச் சட்டம் ஒன்று மிஞ்சும். எல்லாரும் அதைக் குப்பையில் போடுவார்கள். அதில் விரல் நீளத் துண்டு ஒன்றை வைத்துக்கொண்டு, அதிலும் இரண்டு இடத்தில் ஈயம் வைத்து, பெட்டியைக் கழுவும்போது கழுவி, அதே ப்ரைமர், அதே கிரீம், அதே நாள் அடித்துக் காயவைத்திருக்கலாம். பெட்டி மேல் டேப் ஒட்டும் முன் அந்தத் துண்டில் பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் கீறி, டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுத்துப் பார்த்திருக்கலாம். கட்டங்கள் அப்படியே நின்றால் சாக்லேட் டப்பாவைத் திறக்கலாம். டேப்போடு வந்தால், இன்னும் ஜன்னல் ஒட்டாத, கோடு இழுக்காத, சாக்லேட் படாத பெட்டி அது. திரும்பவும் வெந்நீர் வைக்க வேண்டியதுதான்.